கண்மாய் மீனும் எழுதப்படாத விலக்கும்

தூத்துக்குடி மாவட்டக் கரிசலில் உள்ள பசுவந்தனை வட்டாரத்துக் கண்மாய் ஒன்றில் தூண்டில் போட அனுமதி வேண்டுமா என்று விசாரித்தால் மூன்று விதமான பதில் வரும். "ஏலம் எடுத்தவரக் கேட்டுக்கோங்க" என்பது ஒன்று. "பஞ்சாயத்து ஆபீஸ்ல கேளுங்க" என்பது இன்னொன்று. "சின்னப் பிள்ளைக தூண்டிலுக்கெல்லாம் யாரு கேக்கப் போறா" என்பது மூன்றாவது. மூன்றும் உண்மையான பதில்கள்தாம். முதல் இரண்டுக்கும் சட்டத்திலும் கோப்பிலும் ஆதாரம் உண்டு. மூன்றாவது பதில் ஊர் வழக்கத்தை மட்டும் நம்பி நிற்கிறது. ஏலதாரர் கறாரானவராக வந்துவிட்டால் அந்த ஆதரவும் போய்விடும். மீன்பிடி உரிமத்தைப் பற்றிப் பேசும்போது யாருக்கு அனுமதி தேவை என்பதை மட்டும் பார்த்தால் போதாது, யாருக்குத் தேவையில்லை என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். நம் கண்மாய்களைப் பொறுத்தவரை முதல் பாதி எழுதப்பட்டிருக்கிறது, இரண்டாம் பாதி எழுதப்படவில்லை. அதை எழுதியாக வேண்டும். எழுதுவதற்குச் சட்டமும் இடம் தருகிறது. இந்தக் கட்டுரையின் வாதம் இதுதான்.

அமெரிக்காவில் குடியேறிய நம்மவர்கள் ஏரிக்கரைக்குத் தூண்டிலோடு போவதற்கு முன் மாநில அரசின் உரிமம் வாங்கியாக வேண்டும். கலிபோர்னியாவில் 16 வயது நிரம்பியவர்களுக்கு அது கட்டாயம். ஆனால் அங்கே கடலோரப் பொதுத் துறைப்பாலங்களில் நின்று தூண்டில் போடுவோருக்கு உரிமம் வேண்டாம். ஆண்டில் இரண்டு நாள் எல்லோருக்குமே வேண்டாம். இங்கிலாந்தில் 13 வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைகளுக்குத் தேவையில்லை. 13 முதல் 16 வரை உரிமம் உண்டு, கட்டணம் கிடையாது. இந்த விலக்குகள் சலுகையாகப் பின்னால் ஒட்டவைத்தவை அல்ல. உரிமம் பற்றிய விதிகளுக்குள்ளேயே அவையும் அமர்ந்திருக்கின்றன. கையில் காசில்லாத பிள்ளையும் துறைப்பாலத்து ஏழையும் எங்கே நிற்கிறார்கள் என்று விதியை எழுதியவர்கள் யோசித்திருக்கிறார்கள்.

தமிழ்நாட்டில் அப்படி மாநிலம் முழுமைக்கும் செல்லுபடியாகும் தூண்டில் உரிமம் இல்லை. வெள்ளைக்காரர்கள் பொழுதுபோக்குக்காக மீன் பிடித்த நீலகிரிக்கு மட்டும் 1879இலேயே தனிச் சட்டம் வந்தது. விலங்கு வேட்டைக்கும் மீன்பிடிக்கும் சேர்த்து இயற்றிய நீலகிரி வேட்டை, மீன் பாதுகாப்புச் சட்டம் அது. சமவெளிக் கண்மாய்களில் மீன் என்பது பொழுதுபோக்கு அல்ல, வருமானம். ஆகவே இங்கே உரிமம் தூண்டிலுக்கு வரவில்லை, தண்ணீருக்கு வந்தது. மேட்டூர் அணையில் மீனவர்கள் தனித்தனியாக உரிமம் பெற்று வலை போடுகிறார்கள். ஒரே நீரில் பலருக்கு அனுமதி. கரிசல் கண்மாயில் நடப்பது வேறு. கண்மாய் முழுவதையும் ஒருவருக்கு ஏலம் விட்டுவிடுகிறோம். மீன்பாசி ஏலம் என்று ஊரில் சொல்வது இதைத்தான். உரிமம் பலரை உள்ளே விட்டு அவர்களுக்கு நிபந்தனை விதிக்கிறது. குத்தகை ஒருவரை உள்ளே விட்டு மற்றவர்களை வெளியே நிறுத்துகிறது. இந்த வேறுபாட்டை மனத்தில் வைத்துக்கொண்டால்தான் இனிச் சொல்வது விளங்கும்.

சட்டத்தின் வேர் 1897ஆம் ஆண்டு இந்திய மீன்வளச் சட்டத்தில் இருக்கிறது. அதற்கு முன் ராணுவ மருத்துவரும் மீனியல் அறிஞருமான பிரான்சிஸ் டே நாடு முழுவதும் நன்னீர் மீன்பிடிப்பை ஆராய்ந்து 1873இல் அறிக்கை தந்திருந்தார். சிறுகண் வலைகளும் வாய்க்கால்களில் நிலையாகக் கட்டும் பொறிகளும் குஞ்சு மீனை அழிக்கின்றன என்பது அவருடைய கவலை. கால் நூற்றாண்டு கழித்து வந்த சட்டம் மிகச் சிறியது, ஏழு பிரிவுதான். நான்காம் பிரிவு வெடி வைத்து மீன் பிடிப்பதைத் தடுக்கிறது. எழுதப்பட்டபோது அதற்கு இரண்டு மாதம் வரை சிறை அல்லது 200 ரூபாய் வரை அபராதம். ஐந்தாம் பிரிவு நீரில் நஞ்சோ சுண்ணாம்போ கேடு தரும் வேறு பொருளோ கலந்து மீன் பிடிப்பதைத் தடுக்கிறது. கிணறு வெட்டத் தோட்டா வாங்கும் ஊர்களும், திருகுகள்ளிப் பாலுக்கு மீன் மயங்கும் என்று தெரிந்த ஊர்களும் உள்ள வட்டாரத்துக்கு இந்த இரண்டு பிரிவும் இன்றைக்கும் பொருந்தும். ஆறாம் பிரிவு வலையின் கண் அளவு, நிலைப்பொறி, அணைப்பு ஆகியவற்றுக்கு விதி செய்யவும், குறிப்பிட்ட நீர்நிலையில் இரண்டு ஆண்டுக்கு மிகாமல் மீன்பிடிப்பையே நிறுத்தி வைக்கவும் மாநில அரசுக்கு அதிகாரம் தருகிறது.

என்னைப் பிடித்து நிறுத்தியது இந்தப் பிரிவுகள் அல்ல, மூன்றாம் பிரிவில் உள்ள ஒரு விளக்கக் குறிப்பு. தனியார் நீர் எது என்று அந்தப் பிரிவு சொல்கிறது. ஒருவருக்கு முழு உடைமையான நீர் தனியார் நீர். உரிமையாளராகவோ குத்தகைதாரராகவோ ஒருவருக்கு மட்டுமே மீன்பிடி உரிமை உள்ள நீரும் தனியார் நீர். ஏலம் எடுத்த கண்மாய் இந்த வரையறைக்குள் வந்துவிடுகிறது. உடனே கீழே ஒரு குறிப்பு: வழக்கத்தின் அடிப்படையில் வேறு ஆட்களுக்கும் அந்த நீரில் மீன்பிடி உரிமை இருக்கலாம், அந்தக் காரணத்தாலேயே அது தனியார் நீர் அல்லாமல் போய்விடாது. இதைப் பெரும்பாலும் குத்தகைதாரருக்குச் சாதகமாகவே படிக்கிறோம். மறுபக்கத்திலிருந்தும் படிக்கலாம். குத்தகைதாரரின் உரிமையும் ஊராரின் வழக்குரிமையும் ஒரே நீரில் சேர்ந்து இருக்க முடியும் என்று 1897லேயே சட்டம் ஒப்புக்கொண்டிருக்கிறது. ஒன்று இருந்தால் மற்றது செத்துவிடும் என்று அது சொல்லவில்லை.

திருட்டுச் சட்டமும் இதே பக்கம்தான் சாய்கிறது. கண்மாயில் மீன் பிடித்த சிறுவனைத் திருடன் என்று வையும் வழக்கம் நம் ஊர்களில் உண்டு. இந்திய தண்டனைச் சட்டத்தின் 378ஆம் பிரிவை விளக்கிய பழைய தீர்ப்புகள் ஒரு கோடு போட்டிருக்கின்றன. நாலு பக்கமும் அடைத்த குளத்தில், உரியவர் நினைத்த நேரத்தில் பிடித்துக்கொள்ளக்கூடிய மீன் அவருடைய கைப்பொருள். அதை எடுத்தால் திருட்டு. ஆற்றிலும் திறந்து கிடக்கும் பாசனக் குளத்திலும் விருப்பம்போல் நீந்தும் மீன், பிடிபடும்வரை எவருடைய கைப்பொருளும் அல்ல. 2024 ஜூலை 1 முதல் அந்தச் சட்டத்தின் இடத்தில் பாரதிய நியாய சன்ஹிதா நடைமுறையில் இருக்கிறது. அதன் 303ஆம் பிரிவிலும் திருட்டின் இலக்கணம் அடிப்படையில் அதுவே. இதனால் குத்தகைதாரருக்கு உரிமையே இல்லை என்று ஆகிவிடாது. அவர் உரிமையியல் நீதிமன்றத்தில் இழப்பீடு கேட்கலாம், தடையுத்தரவு வாங்கலாம். ஆனால் தூண்டிலோடு நிற்கும் பிள்ளையைக் குற்றவாளியாகப் பேசுவது வேறு. அதற்குச் சட்டத்தில் அவ்வளவு எளிதாக இடமில்லை.

இந்தக் கண்மாய்கள் யாருடையவை? இப்பகுதியின் பல ஊர்கள் எட்டயபுரம் ஜமீனுக்குள் இருந்தவை. ஜமீன் காலத்தில் கண்மாயும் மீனும் மேய்ச்சலும் மரமும் ஜமீன்தாரின் அதிகாரத்துக்கும் ஊர் வழக்கத்துக்கும் இடையே பங்கிடப்பட்டுக் கிடந்தன. 1948ஆம் ஆண்டுச் சென்னை எஸ்டேட்டுகள் ஒழிப்புச் சட்டம் வந்தபோது அரசுக்குப் போய்ச் சேரும் சொத்துகளின் நீண்ட பட்டியலை அதன் மூன்றாம் பிரிவு தந்தது: பொது நிலம், புறம்போக்கு, தரிசு, மேய்ச்சல், காடு, சுரங்கம், ஆறு, ஓடை, குளம், பாசனப் பணிகள். இவற்றோடு மீன்பிடித் துறைகளையும் பெயர் சொல்லிக் குறிப்பிட்டது. எல்லாம் வில்லங்கம் ஏதுமின்றி அரசிடம் வந்து சேர்ந்தன. ஜமீன்தாரின் பிடி விட்டுப்போனது பெரிய நன்மை, அதில் சந்தேகமில்லை. ஆனால் கோடையில் ஊர் இறங்கி மீன் பிடிக்கும் வழக்கம் எந்த ஆவணத்திலும் இல்லாததால், கைமாறியபோது அது எந்தப் பக்கமும் எழுதப்படாமல் போயிற்று.

எழுதப்படாத உரிமை ஆட்சி மாறும்போது என்ன ஆகும் என்பதற்கு ஒடிசாவின் சிலிகா ஏரி சாட்சி. பாரிகுட் எஸ்டேட்டின் பழைய உரிமையாளரிடம் வாய்மொழியாக மீன்பிடி அனுமதி பெற்றுப் பணமும் கட்டியிருந்தார்கள் சிலர். எஸ்டேட் அரசிடம் போனதும் அரசு அந்த அனுமதியை ஏற்கவில்லை. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போயிற்று. ஆனந்த பெஹரா வழக்கு எனப்படும் அதில் 1955இல் தீர்ப்பு வந்தது. நீருக்குள் இறங்கி மீனைப் பிடித்து எடுத்துச் செல்லும் உரிமை அசையாச் சொத்தில் உள்ள உரிமை. எழுத்தும் பதிவும் இல்லாத வாய்மொழி அனுமதியால் அது கைமாறாது. அனுமதிக்குப் பணம் கட்டியவர்களே தோற்றார்கள் என்றால், பணமே கட்டாமல் வழக்கத்தால் மட்டும் இறங்கும் ஊராரின் நிலையைச் சொல்ல வேண்டியதில்லை.

அரசியலமைப்பின்படி மீன்வளம் மாநிலப் பட்டியலின் 21ஆவது இனம். கடல் எல்லைக்கு அப்பாற்பட்ட மீன்பிடிப்பு மட்டும் ஒன்றியப் பட்டியலில் இருக்கிறது. 73ஆவது திருத்தம் சேர்த்த பதினொன்றாம் அட்டவணையில் சிறுபாசனம் மூன்றாவதாகவும் மீன்வளம் ஐந்தாவதாகவும் ஊராட்சிகளுக்கு உரிய பொருள்களாக வருகின்றன. தமிழ்நாட்டு நடைமுறையில் ஆயக்கட்டு 40 ஹெக்டேருக்கு, அதாவது 100 ஏக்கருக்கு, மேற்பட்ட கண்மாய்களை அரசின் நீர்வளத் துறை பராமரிக்கிறது; அதற்குக் குறைந்தவை உள்ளாட்சி அமைப்புகளின் பொறுப்பு. கரிசலில் பெரும்பாலானவை சின்னக் கண்மாய்கள்தாம். வீட்டு வரி, தொழில் வரி போக, சமூகக் காடு ஏலமும் மீன்பாசி குத்தகையும் ஊராட்சியின் சொந்த வருமானக் கணக்கில் வருகின்றன. நடுவண் நிதியையும் மாநில நிதியையும் எதிர்பார்த்து நிற்கும் சிற்றூராட்சிக்கு இது தன் கையால் சம்பாதிக்கும் காசு. ஆகவே ஏலமே கூடாது என்று வாதிடுவதில் எனக்கு உடன்பாடில்லை.

ஏலத்தின் காலக்கணக்கு கவனிக்கத்தக்கது. பசலி ஆண்டுக்கு ஏலம் விடுகிறார்கள். பசலி ஜூலை 1இல் தொடங்கி ஜூன் 30இல் முடியும். 2025 ஜூலையில் தொடங்கியது 1435ஆம் பசலி. ஜூலை மாதம் கரிசல் கண்மாய் எப்படி இருக்கும் என்று இந்தப் பக்கத்தவருக்குத் தெரியும்: தரை பாளம் பாளமாக வெடித்து, சீமைக்கருவேலம் மட்டும் பச்சையாக நிற்கும். ஏலதாரர் தண்ணீரை அல்ல, வரப்போகும் மழையை ஏலம் எடுக்கிறார். வடகிழக்குப் பருவமழை அக்டோபர் நடுவில் தொடங்கி டிசம்பர் வரை பெய்தால்தான் கண்மாய் நிறையும். பொய்த்தால் கட்டிய பணம் போச்சு. அடித்துப் பெய்தாலும் ஆபத்து. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தூத்துக்குடி மாவட்டத்தில் பெய்த மழையில், காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் பதிவானது. மாவட்டம் எங்கும் குளங்கள் உடைந்தன, கரை உடைந்தால் விட்ட குஞ்சும் வளர்ந்த மீனும் வெள்ளத்தோடுதான் போகும். இவ்வளவு ஆபத்தைத் தலையில் சுமப்பவர், தண்ணீர் நிற்கும் சில மாதத்தில் ஒரு மீனையும் விட்டுக்கொடுக்க யோசிப்பது இயல்பு. அவரைப் பேராசைக்காரர் என்று சொல்லிக் கடந்துவிடக் கூடாது. கெடுபிடி அவருடைய குணத்திலிருந்து வருவதைவிட ஏலத்தின் அமைப்பிலிருந்தே அதிகம் வருகிறது.

இந்தக் கண்மாய்களில் இரண்டு வகை மீன் இருக்கிறது. ஒன்று ஏலதாரர் வாங்கி விடுவது: கட்லா, ரோகு, மிர்கால், புல்கெண்டை. பண்ணையில் பொரித்த குஞ்சு, காசு கொடுத்து வாங்கியது. அது அவருடையது என்பதில் எவருக்கும் மறுப்பிருக்க முடியாது. மற்றொன்று யாரும் விடாமலே வருவது: கெளுத்தி, குரவை, விரால், அயிரை, உளுவை, சிறு கெண்டை. முதல் வெள்ளத்தில் ஓடை வழியே எதிரேறி வருபவை சில. கோடையில் சேற்றுக்குள் பதுங்கி, காற்றிலிருந்தே மூச்சு வாங்கி உயிர் தப்பி, மழை வந்ததும் பெருகுபவை சில. விராலும் குரவையும் அந்த ரகம். கரிசல் மண்ணின் நுண்களி தண்ணீரில் கரைந்து எப்போதும் கலங்கலாகவே நிற்கும். வெளிச்சம் ஆழத்துக்கு இறங்காது, நுண்ணுயிர்ப் பாசி குறைவாகவே வளரும். பெருங்கெண்டை வகைகளுக்கு இது அவ்வளவு தோதான நீர் அல்ல. நாட்டு மீனுக்குப் பழகிய நீர். குழம்புக்கு ஊர் தேடுவதும் நாட்டு மீனைத்தான். ஏலப் பத்திரம் இந்த இரண்டையும் பிரித்துப் பார்ப்பதில்லை. மீன் என்றால் எல்லா மீனும். குத்தகைதாரர் முதல் போட்டு வளர்த்ததும் கண்மாய் தானாகத் தந்ததும் ஒரே விலைக்குள் அடங்கிவிடுகின்றன.

மதுரை, சிவகங்கை, புதுக்கோட்டை, திண்டுக்கல் பக்கங்களில் கோடையில் நடக்கும் மீன்பிடித் திருவிழா இந்தப் பிரிப்பைத் தன் போக்கில் செய்து காட்டுகிறது. அழிகண்மாய் என்று அதைச் சொல்வதுண்டு. தண்ணீர் முழங்காலுக்கு இறங்கி, குத்தகைக் காலமும் முடியும் தறுவாயில், ஊர்ப் பெரியவர்கள் நாள் குறித்துச் சுற்றுக் கிராமங்களுக்குச் சொல்லி அனுப்புவார்கள். விடியற்காலையில் ஆயிரக்கணக்கானோர் கரையில் நிற்க, பெரியவர் ஒருவர் வெள்ளைத் துண்டை வீசியதும் ஊத்தாவும் கச்சாவும் கூடையும் வலையுமாக ஒரே நேரத்தில் இறங்குவார்கள். பிடித்த மீனை விற்காமல் வீட்டில் குழம்பு வைத்து உறவுக்காரர்களுக்கும் கொடுக்க வேண்டும் என்ற கட்டுப்பாடு பல ஊர்களில் உண்டு. இப்படிச் செய்தால் அடுத்த பருவம் மழை நன்றாகப் பெய்யும் என்ற நம்பிக்கையும் உண்டு. ஊத்தாவுக்கு இவ்வளவு என்று கட்டணம் வாங்கிக் கோயிலுக்கோ ஊர்ப் பொதுவுக்கோ சேர்க்கும் ஊர்களும் இருக்கின்றன. அதைப் பார்த்தால் ஊரே வழங்கும் ஒரு நாள் மீன்பிடி உரிமம் அது. கருவிக்குக் கட்டுப்பாடு, நேரத்துக்குக் கட்டுப்பாடு, விற்பனைக்குத் தடை என்று உரிமத்தின் இலக்கணம் எல்லாம் அதில் இருக்கிறது. கலிபோர்னியா சட்டம் எழுதிக் கொடுக்கும் இலவச நாளை நம் ஊர் ஒரு துண்டு வீச்சில் கொடுத்துவிடுகிறது.

கரிசல் பக்கம் அவ்வளவு ஆரவாரம் கிடையாது. கண்மாய் சிறிது, தண்ணீர் நிற்கும் காலம் குறைவு. ஏலதாரர் கடைசி வலையை இழுத்துக்கொண்டு போன பிறகு குட்டத்தில் மிஞ்சிய சேற்றுத் தண்ணீரில் ஆடு மேய்ப்பவரும் பெண்களும் பிள்ளைகளும் இறங்கித் துழாவுவார்கள். அது எளியவர்களுக்குக் கிடைக்கும் புரதம். மானாவாரி வேலை ஓய்ந்து, உளுந்தும் பாசியும் மிளகாயும் விற்று முடிந்த மாதங்களில் கிடைப்பது. விலக்கு என்று நான் சொல்வதன் பொருள் இந்தச் சேற்றுக் குட்டத்தில்தான் இருக்கிறது.

வழக்கத்தைப் புகழ்ந்துவிட்டு நிறுத்திக்கொள்வது நேர்மையாகாது. ஊர் என்ற சொல்லுக்குள் யார் அடக்கம் என்பது எப்போதும் ஒன்றாக இருந்ததில்லை. ஊராட்சியின் ஏலத்துக்கு முன்பே ஊருக்குள் ஒரு ஏலம் நடத்தி, ஒருவர் பெயரில் குறைந்த தொகைக்கு எடுத்து, மிச்சத்தைத் திருவிழாக் கணக்கில் வைத்துக்கொள்ளும் பழக்கம் தென்மாவட்டங்களில் தெரிந்ததே. அந்தக் கூட்டத்தில் காலனிக்காரர்களுக்கு இடம் இருந்ததா என்று கேட்க வேண்டும். ஊராட்சிப் பொறுப்பு என்பது கண்மாய், மரம், புறம்போக்கு ஆகிய பொதுச்சொத்து மீதான பொறுப்பு. அது பட்டியல் சாதியினர் கைக்குப் போவதைப் பொறுக்காத கொடுமையை இந்த மாநிலம் கண்டிருக்கிறது: மேலவளவு ஊராட்சித் தலைவர் முருகேசனும் அவருடன் சென்றவர்கள் சிலரும் 1997 ஜூன் 30 அன்று பேருந்தை மறித்துக் கொல்லப்பட்டார்கள். ஆகவே வழக்கத்தை வழக்கமாகவே விட்டுவிடுங்கள் என்ற வாதத்தை நான் ஏற்கவில்லை. துண்டு வீசும் கை யாருடையது என்பதைப் பொறுத்து ஒருவருடைய உரிமை நிற்கக் கூடாது. எழுதினால்தான் விலக்கு எல்லாருக்குமானதாக ஆகும்.

விலக்கை எழுதி வாங்கியதற்கு நம் பக்கத்திலேயே முன்மாதிரி இருக்கிறது. பசுவந்தனைக்குக் கிழக்கே கொஞ்ச தூரத்தில் தூத்துக்குடிக் கடல். விசைப்படகுகள் கரையோரத்தை வாரிச் சென்றபோது நாட்டுப்படகு மீனவர்கள் 1970களில் பல கடலோர மாநிலங்களில் எதிர்த்து நின்றார்கள். ஒன்றிய அரசு 1976இல் மஜும்தார் குழுவை அமைத்தது. அதன் தொடர்ச்சியாகவே மாநிலங்கள் சட்டம் செய்தன. 1983ஆம் ஆண்டுத் தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குபடுத்தும் சட்டத்தின் கீழ் படகுக்கு உரிமம் வேண்டும். விசைப்படகு கரையிலிருந்து குறிப்பிட்ட தூரத்துக்குள் தொழில் செய்யக் கூடாது. கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம். 2017க்கு முன் அது 45 நாளாக இருந்தது. எந்திரம் பூட்டாத பாரம்பரியப் படகுகளுக்கு இந்தத் தடை இல்லை. உரிமம் யாருக்கு, தடை யாருக்கு, விலக்கு யாருக்கு என்று மூன்றும் தாளில் இருக்கின்றன. மீறல்கள் நடக்கின்றன, சண்டைகளும் நடக்கின்றன. ஆனாலும் கட்டுமரக்காரர் கையில் காட்டுவதற்கு ஒரு தாள் இருக்கிறது.

நன்னீரிலும் இது நடந்திருக்கிறது. பீகாரில் சுல்தான்கஞ்சிலிருந்து பிர்பைந்தி வரை சுமார் 80 கிலோமீட்டர் கங்கை, ஜமீன் ஒழிப்புக்குப் பிறகும் தனியார் நீர்ஜமீன்தார்களின் கையில் இருந்தது. மீனவர்கள் அவர்களுக்கு வரி கட்டி வலை போட்டார்கள். 1982இல் கஹல்காவில் தொடங்கிய கங்கை விடுதலை இயக்கம் பத்தாண்டுக் காலம் போராடியது. 1990களின் தொடக்கத்தில் பீகார் அரசு அந்த உரிமைகளை நீக்கி, பரம்பரை மீனவர்களுக்கு ஆற்றில் வரியில்லா மீன்பிடிப்பை அறிவித்தது.

இன்னொன்றும் எழுதப்பட வேண்டும். ஏலப் பணம் எங்கே போகிறது? அமெரிக்காவில் 1950இல் வந்த டிங்கல் - ஜான்சன் சட்டம் தூண்டில் கருவிகள் மீதான வரியை மாநிலங்களுக்குப் பகிர்கிறது. மாநிலத்தின் பரப்புக்கு 40 சதவீதம், உரிமம் வாங்கியவர்களின் எண்ணிக்கைக்கு 60 சதவீதம் என்பது கணக்கு. உரிமக் கட்டணத்தை மீன், வனவிலங்கு நிர்வாகம் தவிர வேறு எதற்கும் திருப்ப மாட்டோம் என்று மாநிலம் சட்டம் செய்துகொண்டால்தான் பங்கு கிடைக்கும். மீன் தந்த காசு மீனுக்கே திரும்புகிறது. நம் ஊராட்சியில் மீன்பாசிக் காசு பொதுக்கணக்கில் கலந்து, தெருவிளக்குக்கோ குடிநீர் மோட்டாருக்கோ போய்விடும். அவையும் தேவைதான், மறுக்கவில்லை. ஆனால் மடை ஒழுகி, மறுகால் இடிந்து, கரை மெலிந்த கண்மாய் அடுத்த ஏலத்தில் என்ன விலைக்குப் போகும்? ஏலத் தொகையில் ஒரு பங்கை அதே கண்மாயின் வரத்துக்கால், மடை, மறுகால் பராமரிப்புக்கு ஒதுக்குவது ஊராட்சிக்கே லாபம்.

ஏல நிபந்தனைகளில் பழையவை சில இருக்கின்றன: மீன் பிடிப்பதற்காகப் பாசனத் தண்ணீரை வெளியேற்றக் கூடாது, வெடியும் நஞ்சும் கூடாது என்பவை. கண்மாய் தண்ணீரை நம்பி ஆடு மாடு வைத்திருப்பவர்களுக்கு முதல் நிபந்தனை உயிர்நாடி. அதைக் கண்டிப்பாக நடத்த வேண்டும். அவற்றோடு ஒன்றிய அரசு 2000இல் தடை செய்த ஆப்பிரிக்கக் கெளுத்தியை விடக் கூடாது என்பதைத் தெளிவாகச் சேர்க்க வேண்டும். நாட்டு மீனைத் தின்று தீர்க்கும் அது ஒரு முறை உள்ளே வந்தால் போகாது. முதல் வெள்ளத்தில் சினை மீன் எதிரேறும் நாட்களில் ஓடையிலும் மறுகாலிலும் பொறி கட்டிப் பிடிப்பதை ஏலதாரருக்கும் ஊராருக்கும் சேர்த்தே நிறுத்த வேண்டும். கேரளம் தன் 2010ஆம் ஆண்டு உள்நாட்டு மீன்வளச் சட்டத்தின் கீழ் இந்த இனப்பெருக்க ஏற்றத்தைக் காக்கிறது. விலக்கு கேட்பவர்களுக்கும் கட்டுப்பாடு உண்டு என்பதை நாம் ஒப்புக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் கேட்பதில் நியாயம் இராது.

அதன் பிறகு விலக்கு. ஒற்றைத் தூண்டிலோடு வரும் பிள்ளைகளிடம் காசு கேட்கக் கூடாது. ஏலதாரர் தன் மீனைப் பிடித்து முடித்ததாக எழுதிக் கொடுத்ததும், அல்லது நீர் குறிப்பிட்ட மட்டத்துக்கு இறங்கியதும், ஊராட்சி எல்லைக்குள் வாழும் எல்லாத் தெருக்காரர்களும், ஆண் பெண் வேறுபாடில்லாமல், வலை தவிர்த்த கைக்கருவிகளோடு இறங்க ஒரு நாள். அன்று பிடித்தது வீட்டுக்கு, விற்பனைக்கு அல்ல. ஏலம் எடுக்கும் முன்பே இது தெரிந்திருந்தால் ஏலதாரர் அதற்கேற்ப விலை சொல்வார், யாருக்கும் ஏமாற்றமில்லை. தொகை கொஞ்சம் குறையலாம். அந்தக் குறைவு, ஊர் தன் ஏழைகளுக்குத் தெரிந்தே கொடுக்கும் பங்கு என்று கணக்கில் வரட்டும். இதற்குப் புதுச் சட்டம் வேண்டாம், சட்டமன்றம் போக வேண்டாம். 1897ஆம் ஆண்டுச் சட்டத்தின் விளக்கக் குறிப்பு வழக்குரிமையைக் குத்தகையோடு சேர்ந்து வாழவிடுகிறது. ஊராட்சியின் ஏல நிபந்தனைத் தாளில் நாலு வரி சேர்த்தால் போதும்.

தமிழ்நாட்டில் கிராம சபை ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. புதுப் பசலி ஜூலை 1இல் பிறப்பதால், ஏல நிபந்தனையைப் பற்றிப் பேசத் தோதானது மே 1 சபைதான். ஆகஸ்டில் பேசினால் அந்த ஆண்டுக்குக் காலம் கடந்துவிடும். பசுவந்தனைப் பக்கத்து ஊர்களில் இருப்பவர்கள் வரும் மே 1 அன்று சபைக்குப் போய், சென்ற ஏலத்தின் தொகையையும் நிபந்தனைகளையும் வாசிக்கச் சொல்லுங்கள். கண்மாய்க்கு ஒரு பங்கு, ஊருக்கு ஒரு நாள், பிள்ளைகளின் தூண்டிலுக்கு விலக்கு என்ற மூன்றையும் தீர்மானமாக எழுதச் சொல்லி, தீர்மானப் புத்தகத்தில் பதிவான பிறகே கையெழுத்துப் போடுங்கள்.